எந்த நாள் எம்டனைக் கட்டப் போகிறீர்கள்?

மேலோட்டமாகப் பார்த்தால், தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. 1914இல் மதராசைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனை நாலடி நீளத்தில் வீட்டிலேயே செய்ய முடியுமா, அதற்கு யாழ்ப்பாணத்தில் என்ன சாமான் கிடைக்கும், செய்தபிறகு தண்ணீரில் ஓடவிடலாமா. இதற்கு முன் இரண்டு பிளாஸ்டிக் விமானம் ஒட்டிய அனுபவம்தான் இருக்கிறது, இங்கே இந்தச் சாமான் விற்கும் கடை ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "பீரங்கிகளில் இருந்து தொடங்கலாமா என்று யோசிக்கிறேன்" என்று போட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. தொடங்கினால் இதை முடிப்பேனா என்பதுதான் அது. அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே மற்ற மூன்றையும் தொட்டுப் போகிறேன். பதில் நீளும், தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய வேண்டும் என்பதால் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. முப்பது வருசத்துக்குக் கிட்ட மரவேலை படிப்பித்தவன். அம்மா வழி ஆட்கள் வல்வெட்டித்துறையில் வள்ளம் கட்டியவர்கள், ஏரா (கப்பலின் முதுகெலும்பு மரம்), வங்கு (விலா மரம்), கலப்பத்து (பலகை இடுக்கை அடைப்பது) என்ற சொற்களைச் சோற்றோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தேன். பெரிய மாதிரிக் கப்பல் நாலு தொடங்கி இரண்டை முடித்திருக்கிறேன். முடித்ததில் ஒன்று எம்டன். முடிக்காததில் ஒன்று, 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுக்க இரவோடு இரவாகக் கிளம்பியபோது மேசையிலேயே கிடந்தது, திரும்பி வந்து பார்த்தால் மேசையும் இல்லை. மற்றதற்கு நான்தான் காரணம், அந்தக் கதை பிறகு வரும். மரம், பசை, பித்தளை, பெயின்ட் பற்றி நான் சொல்வது கை பட்டு அறிந்தது. ரிமோட், பற்றரி விசயத்தில் நான் அரைகுறை. எங்கள் காலத்தில் டோர்ச் பற்றரியே யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடை, அதிலே எங்கே பழகுவது?

சரி, கப்பலுக்கு வருவோம். வாள் எடுப்பதற்கு முன், எந்த நாள் எம்டனைக் கட்டப் போகிறீர்கள் என்று முடிவெடுங்கள். பலருக்கு இது வீண் நுணுக்கமாகத் தெரியும். ஆனால் எம்டன் என்று ஒரே ஒரு கப்பல் இருக்கவில்லை. 1908 மே மாதம் டான்சிக் துறையில் நீரில் இறக்கப்பட்டு, 1910இல் சீனக் கரையில் இருந்த ஜெர்மன் தளமான சிங்தாவுக்கு வந்த எம்டன் வெள்ளை உடம்பும் மஞ்சள் சாய்ந்த மேற்கட்டும் கொண்டது, அதைப் பார்த்துத்தான் கிழக்கின் அன்னம் என்று பெயர் வைத்தார்கள். 1914இல் போர் தொடங்கியதும் அந்த அன்னத்தைச் சாம்பல் நிறமாக்கிவிட்டார்கள். செப்டெம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்தியது அந்தச் சாம்பல் கப்பல். அதே மாதக் கடைசியில் கொழும்புக்கும் மினிக்கோய்க்கும் இடையில் சரக்குக் கப்பல்களைப் பிடித்துத் தாழ்த்தியதும் அதுதான். ஒக்டோபரில் டியகோ கார்சியாவில் நின்று, கப்பலை ஒரு பக்கம் சாய்த்து, அடிப்பகுதியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள். ஒக்டோபர் 28 விடியப்புறம் பினாங்குக்குள் நுழைந்தபோது மூன்று புகைபோக்கியோடு நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி நின்றது. மரச்சட்டமும் கான்வஸ் துணியும் கொண்டு செய்து, நாலு புகைபோக்கி உள்ள பிரிட்டிஷ் கப்பலான யார்மத் போலக் காட்டினார்கள். நவம்பர் 9 கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்து முடித்தபோது புகைபோக்கிகள் சரிந்து கிடந்தன. ஒரே வருசத்துக்குள் எத்தனை கப்பல் பாருங்கள்.

மதராசைச் சுட்ட எம்டன் என்று நீங்கள் எழுதியதால் சாம்பல் கப்பலைத்தான் கட்ட வேண்டும். அழகு என்று வெள்ளை அடித்து, கீழே மதராஸ் 1914 என்று பித்தளைப் பலகை வைத்தால், தெரிந்தவர் ஒருவர் வந்து பார்க்கும் நாளில் மூன்று வருச வேலை ஒரு நிமிசத்தில் போய்விடும். எனக்கு அது நடந்தது. வந்த மனிசன் ஒன்றும் சொல்லவில்லை, பலகையைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு நான் பலகையைத்தான் கழற்றினேன், கப்பலைத் திரும்ப அடிக்க மனம் வரவில்லை. நாளை முடிவெடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தளத்தில் என்ன கிடக்க வேண்டும், படகுகள் எங்கே, அடிப்பகுதி எவ்வளவு அழுக்கு, இப்படி அடுத்த இரண்டு வருசத்தில் வரும் நூறு சந்தேகங்களில் பாதியை அந்த ஒரு தேதி தீர்த்துவிடும்.

இதில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துச் சொல்கிறேன். நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், நீருக்குள் அமிழ்வது ஐந்தரை மீட்டர், 10.5 சென்டிமீட்டர் பீரங்கி பத்து, இவை உறுதி. பீரங்கிகள் நின்ற இடமும் உறுதி: முன்னால் பக்கம் பக்கமாக இரண்டு, பின்னால் அதே மாதிரி இரண்டு, நடுவில் இரு பக்கமும் மும்மூன்று. சந்தேகம் சாம்பலின் சாயலில்தான். எவரும் இதுதான் அந்தச் சாம்பல் என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். இருப்பது கறுப்பு வெள்ளைப் படங்கள், அந்தக் காலத்துப் படத்தகடுகள் பல சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறலாகவும் காட்டும் வகை. படத்தில் தெரியும் கருமையை வைத்து நிறம் சொல்வது கிளி சாத்திரம் மாதிரி. கொஞ்சம் வெளிறிய, பளபளப்பில்லாத சாம்பல் ஒன்றைத் தேர்ந்துகொண்டு நிம்மதியாக இருங்கள். அதேபோல, எம்டன் படம் கிடைக்காத இடத்தில் சகோதரக் கப்பலான டிரெஸ்டனின் படத்தைப் பார்த்துச் செய்வார்கள். மேற்கட்டுக்கு அது ஓரளவு உதவும், நீருக்கடியில் உதவாது. டிரெஸ்டனில் டர்பைன், எம்டனில் பழைய பிஸ்டன் எஞ்சின், இரண்டே புரொப்பெல்லர்.

அளவு விகிதம் பற்றி. நாலடி என்று நீங்கள் கண்ணால் பார்த்துச் சொன்னது நல்ல இடத்தில்தான் வந்து நிற்கிறது. 1:100 என்றால் 118.3 சென்டிமீட்டர், நாலடிக்குச் சற்றுக் குறைவு. 1:96 என்றால் 123. சில பேர் ஆசையில் 1:48க்குப் போவார்கள், அது இரண்டரை மீட்டர், வாசலால் எடுக்கலாம், ஆனால் எந்த அறையில் வைப்பது? 1:100ஐத்தான் பிடியுங்கள், அதற்கு என் காரணம் சோம்பல்தான்: கணக்கே தேவையில்லை. கப்பலின் மீட்டர் உங்கள் சென்டிமீட்டர். கப்பலின் பத்து சென்டிமீட்டர் உங்கள் ஒரு மில்லிமீட்டர். ஆள் உயரம் 17 மில்லிமீட்டர், கைபிடிக் கம்பி ஒரு சென்டிமீட்டர். இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் வேலை செய்யும்போது இதன் அருமை விளங்கும். நீளம் இரண்டு மடங்கானால் மேற்பரப்பு நாலு மடங்கு, பாரம் எட்டு மடங்கு ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம், தேய்க்கப் போவது உங்கள் கைதான்.

வரைபடம். ஜெர்மன் கடற்படையின் பழைய ஆவணங்கள் பிரைபோர்க் நகரத்து இராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அவற்றை அடிப்படையாக வைத்து மொடல் செய்பவர்களுக்காக வரைந்த படங்களும் விலைக்குக் கிடைக்கும். ரெவல் நிறுவனம் 1:350 அளவில் எம்டன் பிளாஸ்டிக் பெட்டி வெளியிட்டது, கட்டினால் 34 சென்டிமீட்டர் வரும். கிடைத்தால் ஒன்று வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்து அளவு எடுக்க வேண்டாம், எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று முப்பரிமாணத்தில் பார்க்கக் கண்ணுக்கு உதவும். இப்போது நான் முடிக்காமல் விட்ட கப்பலின் கதை. வரைபடத்தைப் பெரிதாக்க ஒரு போட்டோகொப்பிக் கடையில் கொடுத்து, துண்டு துண்டாக எடுத்து ஒட்டினேன். வங்குகளை எல்லாம் அறுத்து ஏராவில் பொருத்தினால் நடுவில் சரி, அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, கிட்ட எல்லாம் பிசகு. பிறகு அளந்து பார்த்தால் அந்த இயந்திரம் நீளவாக்கில் மட்டும் நூற்றுக்கு ஒன்றரை பங்கு கூட்டியிருக்கிறது. அகலத்தில் ஒன்றும் இல்லை. 118 சென்டிமீட்டருக்கு அது ஏறத்தாழ 18 மில்லிமீட்டர்! ஆறு மாத வேலை அடுப்புக்குப் போனது. அதனால் கொப்பி எடுக்கும் முன் வரைபடத்தில் நீளவாக்கில் ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் சரியாகப் பத்து சென்டிமீட்டருக்குக் கீறுங்கள். கொப்பி வந்ததும் இரண்டையும் அளவுங்கள். இரண்டும் ஒரே அளவில் கூடியிருந்தால் விகிதத்தை மாற்றிச் சமாளிக்கலாம், ஒன்று மட்டும் கூடியிருந்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இனி உடம்பு. பீரங்கியில் தொடங்கலாமா என்று கேட்டீர்கள். எல்லோருக்கும் அந்த ஆசை வரும், ஏனென்றால் பீரங்கி ஒரு இரவில் முடிந்து உள்ளங்கையில் அழகாக இருக்கும். ஆனால் பத்துப் பீரங்கியும் முடிந்து அலுமாரியில் இருக்கும்போது மனம் பாதிக் கப்பல் முடிந்ததாக எண்ணிவிடுகிறது, அதன்பிறகு ஆறு மாதம் அரத்தாளும் புட்டியுமாக உடம்பு தேய்க்க அதற்குப் பொறுமை இராது. உடம்பு பிழைத்த கப்பலில் என்ன நுணுக்கம் வைத்தாலும் அது எம்டன் ஆகாது. இந்தக் கப்பலின் முகமே அணியத்தில் இருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே முன்னால் துருத்திக்கொண்டு போய், மேலே வரும்போது பின்வாங்கும் அந்த வளைவை இரண்டு மில்லிமீட்டர் பிழைத்தாலும் வேறு நாட்டுக் கப்பல் ஆகிவிடும்.

இரண்டு வழி உண்டு. பலகைகளை அடுக்காக ஒட்டிச் செதுக்குவது ஒன்று, ஏரா வைத்து வங்கு நிறுத்திப் பட்டி ஒட்டுவது மற்றது. முதலாவது உளி பிடித்துப் பழகியவர்களுக்கு. நீங்கள் இரண்டாவதைச் செய்யுங்கள், எங்கள் ஊர் வள்ளமும் அப்படித்தான் கட்டப்பட்டது. 1938இல் அமெரிக்காவின் கிளவ்செஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்த வல்வெட்டித்துறை அன்னபூரணியைக் கட்டிய கைகளுக்குக் கடதாசி வரைபடம் தேவைப்படவில்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கும் உங்களுக்கும் அந்தக் கண் இல்லை, ஆகவே ஆறு மில்லிமீட்டர் பிளைவூட்டில் ஏராவும் இருபதுக்குக் குறையாத வங்குகளும் அறுத்துக்கொள்ளுங்கள். தட்டையான பலகை ஒன்றில் கப்பலைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக் கட்டினால் ஏரா முறுகாது. வங்குகளுக்கு இடையே நீட்டமான மெல்லிய சலாகை ஒன்றை வளைத்து வைத்துப் பாருங்கள், எங்கே அது வங்கைத் தொடாமல் பாலம் போடுகிறதோ அங்கே வங்கு சிறிது, எங்கே மேடு தட்டுகிறதோ அங்கே பெரிது. வரைபடத்தை விட அந்தச் சலாகையை நம்புங்கள். மேலே ஒட்டும் பட்டிகளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பில் நேர்ரேகை உள்ள எந்த மெதுமரமும் சரி, மலைவேம்பு கிடைத்தால் நல்லது. நான் பழைய தேயிலைப் பெட்டிப் பிளைவூட்டைக் கிழித்து எடுத்தேன், இப்போது அந்தப் பெட்டியைக் காண்பதே அரிது. எம்.டி.எப். பலகை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள், கார்த்திகை மழைக்கு ஊதிவிடும்.

கடை இல்லை என்று கவலைப்பட்டீர்களே, கரையோரத்துக்குப் போனால் பாதிக் கடை அங்கே இருக்கிறது. மீன்பிடிப் படகு திருத்தும் பட்டறைகளில் பைபர் துணியும் ரெசினும் கிடைக்கும். அவர்கள் பாவிக்கும் தும்பு விரிப்பு எங்களுக்குத் தடிப்பு, நெய்த மெல்லிய துணியாகக் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: ரிஜிபோம் (பெட்டிகளில் வரும் வெள்ளை நுரைப் பலகை) வைத்து உருவம் செய்து அதன்மேல் படகு ரெசின் பூசலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த பாலியெஸ்டர் ரெசின் ரிஜிபோமைக் கரைத்துக் குடித்துவிடும். எப்பொக்சி என்றால் பரவாயில்லை. ரெசின் வேலையை முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், வீட்டுக்குள் அந்த மணம் தலையிடியைத் தரும். அதை இறுக வைக்கும் திரவம் ஒரு துளி கண்ணில் பட்டாலும் ஆபத்து, கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்க வேண்டாம்.

தண்ணீரில் ஓடவிடும் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதை உடம்பு கட்டும்போதே முடிவெடுக்க வேண்டும். எம்டனின் வடிவமைப்புப் பாரம் 3,664 தொன். 1:100இல் நீளம், அகலம், ஆழம் மூன்றும் நூறில் ஒன்றாவதால் பாரம் பத்து இலட்சத்தில் ஒன்று, அதாவது 3.66 கிலோ. முழு நிலக்கரியும் ஏற்றிய கப்பல் என்று வைத்தாலும் நாலேகால் கிலோதான். மரம், பைபர், மோட்டார், பற்றரி, பெயின்ட், பத்துப் பீரங்கி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நான் பலம் வேண்டும் என்று உள்ளேயும் வெளியேயும் தும்பு விரிப்பை இரட்டையாகப் பூசினேன். கிணற்றடித் தொட்டியில் இறக்கிப் பார்த்த அன்று கப்பல் மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல், பற்றரி இன்னும் வைக்கவில்லை. பக்கத்து யன்னல் வளையங்கள் வரைக்கும் நீருக்குள். பார்த்துக்கொண்டு நின்ற மருமகன், "மாமா, இது நீர்மூழ்கியோ?" என்று கேட்டான். அன்றோடு அது அலுமாரிக் கப்பல் ஆனது.

பாரம் சரியாக வந்தாலும் சாய்வு இருக்கிறது. கப்பலை நிமிர்த்தும் விசை நீளத்தின் நாலாம் அடுக்கில் சுருங்குகிறது, காற்று தள்ளிச் சாய்க்கும் விசை மூன்றாம் அடுக்கில்தான் சுருங்குகிறது. கணக்கை விடுங்கள், பலன் இதுதான்: அதே காற்று உங்கள் மொடலை உண்மைக் கப்பலை விட நூறு மடங்கு மோசமாகச் சாய்க்கும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வெளியே எடுக்கவே வேண்டாம். மேற்கட்டில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பித்தளைத் துண்டும் கவிழ்க்கத் துணை செய்யும், ஆகவே ஓடும் கப்பலும் அதிநுணுக்கக் கப்பலும் ஒன்றாக வருவது கடினம். என் அபிப்பிராயம், முதல் கப்பலை ஓட விடாதீர்கள். இல்லை, ஓடத்தான் வேண்டும் என்றால் பண்ணைக் கடல் வேண்டாம், உப்பு மோட்டாரைத் தின்றுவிடும். காற்றில்லாத காலையில் நல்ல தண்ணீர்க் குளம் ஒன்றில் விடுங்கள், வேகமும் குறையுங்கள். எம்டன் 23.5 நொட் ஓடியது, அதற்கு நூறில் ஒன்று என்று கணக்குப் போட்டால் நத்தை. அலையும் கப்பலும் பொருந்த வேண்டுமானால் நூறின் வர்க்கமூலத்தால், அதாவது பத்தால் பிரிக்க வேண்டும், ஒரு ஆள் சாதாரணமாக நடக்கும் வேகம் வரும். மோட்டாரும் ரிமோட்டும் எது என்று என்னிடம் கேட்காதீர்கள், அதில் தேர்ந்த பெடியள் இங்கே பலர் இருக்கிறார்கள்.

இப்போது நுணுக்கம். 1:100இல் பீரங்கியின் வாய் ஒரு மில்லிமீட்டர், குழல் நீளம் 42 மில்லிமீட்டர். தடித்த ஊசிக் குழாய், 16 இலக்கம், வெளியே 1.65 மில்லிமீட்டர், உள்ளே 1.2 வரும், வாய்ப்பக்கத்துக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் குழல் பின்னால் போகப் போகத் தடிக்க வேண்டும். அதற்குப் பித்தளைக் கம்பியை டிரில் மெசினில் பூட்டி, சுழலவிட்டு, அரத்தால் தேயுங்கள். பத்துக்குப் பதில் பதினாலு செய்து நல்ல பத்தைப் பொறுக்குங்கள். ஒரே மாதிரி வர வேண்டிய சாமான் எதையும் ஒரே இருப்பில் செய்து முடிக்க வேண்டும், இன்று மூன்று அடுத்த மாதம் மூன்று என்று செய்தால் அண்ணன் தம்பி மாதிரி வரும், இரட்டைப் பிள்ளை மாதிரி வராது. பித்தளை வேலைக்குக் கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகை செய்யும் பத்தர் ஒருவரைச் சிநேகிதம் பிடியுங்கள். கம்பியை இழுத்து மெலிதாக்கும் கம்பியச்சு, ஒட்டுக்கு வெண்காரம், மயிர் மாதிரி அலகு உள்ள வாள், எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. நான் மூன்று சனிக்கிழமை ஒரு பத்தருக்குப் பக்கத்தில் இருந்து ஒட்டுப் பழகினேன், பவுணுக்குப் பதில் பித்தளையைக் கொண்டு வந்து நிற்கிற விசரனைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

புகைபோக்கிக்கு எஸ்லோன் (பி.வி.சி.) குழாய் போதும், ஆனால் வாய் விளிம்பை உள்ளிருந்து சுரண்டிக் கடதாசித் தடிப்புக்குக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய் என்று குழந்தையும் சொல்லும். கயிறுகளுக்குத் தையல் நூல் வேண்டாம், தும்பு தெரியும். தங்கூசி (நைலோன் தூண்டில் நரம்பு) நல்லது, வலைக் கடையில் எல்லா மொத்தத்திலும் கிடைக்கும். நைலோன் ஈரம் குடித்தால் தளரும் என்பதால் மழை நாளில் கட்டுங்கள், வெயிலுக்குத் தானாக இறுகும். வெயில் நாளில் விறைப்பாகக் கட்டினால் மார்கழியில் தொங்கும். பாய்மரக் குறுக்குக் கம்பங்களுக்குத் தென்னோலை ஈர்க்கு இயற்கையாகவே நுனி மெலிந்து வருகிறதே என்று சந்தோசப்பட்டுப் போட்டேன், ஆறு மாதத்தில் வாழைப்பழம் மாதிரி வளைந்தது. மூங்கிலைக் கிழித்துக் கம்பியச்சில் இழுத்து எடுப்பதே திறம்.

எது வேண்டாம் என்பதும் முக்கியம். கப்பலின் இரும்புத் தகடு பத்து மில்லிமீட்டர் தடிப்பு என்று வைத்தால் உங்களுக்கு அது 0.1, சாதாரணக் கடதாசி. தகட்டின் விளிம்பு வெளிச்சத்தில் மெல்லத் தெரிந்தால் போதும். ஆணித் தலைகளைப் புள்ளி புள்ளியாக வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், கப்பலுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். துருவும் அப்படித்தான், போருக்குப் போன கப்பல் என்று ஊற்றிவிடுவார்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த உதிரிகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். பழகியவர் எடுத்துத் தந்தால் படகுகளுக்கும் சிறு சாமான்களுக்கும் நன்றாக இருக்கும். வழமையாகப் பாவிக்கும் பி.எல்.ஏ. இழை 60 பாகை அளவில் இளகும், பூட்டிய காருக்குள் வெயிலில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போக வேண்டாம்.

பெயின்ட் அடிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வாகனத்துக்கு அடிக்கும் என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) வகையை எனாமலுக்கு மேல் அடித்தால் கீழே இருப்பது சுருங்கித் தோலுரியும். எந்த வகை என்றாலும் அடியில் இருந்து மேல் வரை ஒன்றாக இருக்கட்டும். பிளைவூட்டின் உட்பக்கத்தையும் மூடிப் பூசுங்கள், வெளியே மட்டும் பூசினால் ஈரம் உள்ளே இருந்து ஏறிப் பட்டிகளின் கோடு வெளியே தெரியும். பிறகு கறையான். என் முதல் கப்பலின் மரத் தாங்கியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன், ஒரு மாதம் கொழும்பில் நின்று வந்து பார்த்தால் தாங்கி முழுக்க மண் குழாய். கப்பலின் ஏராவில் நாலு அங்குலம் போயிருந்தது. கண்ணாடிப் பெட்டியை இரும்புக் கால் மேசையில், சுவருக்குச் சாண் தள்ளி வையுங்கள்.

எவ்வளவு காலம் என்றால், கிழமைக்கு எட்டுப் பத்து மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் உடம்புக்கு ஆறு மாதம், முழுக் கப்பலுக்கு இரண்டரை முதல் மூன்று வருசம். எனக்கு மூன்று வருசமும் நாலு மாதமும் எடுத்தது. வேலை, கலியாணம், பிள்ளை என்று இடையில் நிற்கும், நிற்கட்டும். ஆனால் உடம்பு முடிந்து முதல் சாம்பல் பூச்சு ஏறும் வரைக்கும் நிற்காதீர்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டினால் பார்ப்பவர்கள் கப்பல் என்று சொல்லத் தொடங்குவார்கள், அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும். அதற்கு முன் அது முற்றத்தில் கிடக்கும் விறகுக் கூடு, வீட்டில் ஒவ்வொரு பண்டிகைக்கும் இதை எங்கே வைக்கிறது என்று கேட்பார்கள்.

பீரங்கி செய்யும் ஆசை அடங்கவே இல்லை என்றால் ஒன்று செய்யுங்கள், ஒன்றே ஒன்று. அதைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு வங்குகளை அறுங்கள். இந்தக் கிழமை வரைபடத்தில் அந்த இரண்டு பத்து சென்டிமீட்டர்க் கோட்டையும் கீறி, கொப்பி எடுத்து, அளந்து வந்த இலக்கங்களை இங்கே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஏராவுக்கு என்ன பலகை என்று கதைப்போம்.